ராக்கெட்டின் ஐந்து கண் வாகனம்

இதை எழுதலாமா கூடாதா என்று பல வருடம் தயங்கினேன். அம்மன் காரியத்தை விளையாட்டாக எழுதிவிடக் கூடாதே என்ற பயம். அவள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அரியலூர்ப் பக்கம் வேற்றுக்கிரகத்து ஜீவன்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்த ஒரே மனிதர் எங்கள் தெரு 'ராக்கெட்'தான். சென்னையில் சினிமாவுக்கு ஃபைபர் பொம்மை செய்கிற வேலை. விண்வெளிப் படங்களுக்கு அவர் செய்து, டைரக்டர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய மிருகங்களை, அங்கே சிமெண்ட் இறக்கிவிட்டு எங்கள் பக்கத்து ரெட்டிபாளையம் ஆலைக்குக் காலியாகத் திரும்பும் லாரிகளில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார்.

எட்டுக் கை உள்ளதை, பாதி கட்டிய வீடொன்றில் திருஷ்டி பொம்மையாகத் தொங்கவிட்டார். கொத்தனார் மறுநாள் வேலைக்கே வரவில்லை. கொம்பு வைத்ததைப் பன்றி விரட்ட மக்காச்சோளக் கொல்லையில் நிறுத்தினார். பன்றி அதன் நிழலில் குட்டி போட்டுப் படுத்திருந்தது.

மிச்சம் இருந்தது அவருடைய செல்லம். சிங்க உடம்பு, முகத்தில் ஐந்து கண். "பயமே வரல, கொஞ்சணும்போல இருக்கு" என்று டைரக்டர் தள்ளிவிட்டாராம். அதைச் சொல்லும்போது மட்டும் ராக்கெட் சிரிக்க மாட்டார்.

ஒரு வருடம் திருவிழாவுக்கு எடுத்துப் பார்த்தால், அம்மனின் சிம்ம வாகனத்தைக் கரையான் அரித்திருந்தது. ராக்கெட் ஓடிவந்தார்.

"பூசாரி, எம்புள்ளைய ஏத்துக்கங்க. ஒரு தடவையாச்சும் நாலு பேரு பாக்கட்டும்."

"அஞ்சு கண்ணு இருக்கேப்பா?"

"ஆத்தாளுக்கு ஆயிரம் கண்ணுங்கறீங்க. அவளத் தூக்கிட்டுப் போறதுக்கு அஞ்சாச்சும் வேணாங்களா?"

பூசாரி தலையாட்டிவிட்டார். ஆனாலும் முறை முறைதான். புது வாகனம் கண் திறந்ததும் முதலில் பசுவையும் கன்றையும் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டுப் பசுவையும் கன்றையும் நான்தான் ஓட்டிப்போனேன். ஐந்தாவது கண்ணையும் திறந்து திரையை விலக்கினார்கள். பசு ஒரு பார்வை பார்த்தது. கயிற்றோடு என்னையும் இழுத்துக்கொண்டு குளத்தங்கரைக்கு ஓடியது.

"பாத்தீங்களா, பயந்துடுச்சு! பயந்துடுச்சு!" என்று ராக்கெட் குதித்தார்.

"அட கூறுகெட்டவனே, சகுனமே போச்சு! தூக்கி வெளிய வையிடா!" என்று பூசாரி கத்தியது கரை வரைக்கும் கேட்டது.

பசுவை மடக்கிக்கொண்டு நான் திரும்பியபோது ராக்கெட் தலை குனிந்து நின்றார். ஓடாமல் நின்றுவிட்ட கன்று, அந்த மிருகத்தின் முகத்தை நக்கிக்கொண்டிருந்தது.

"கன்னுக்குட்டியே ஏத்துக்கிச்சு. வேணாங்கறதுக்கு நாம யாருய்யா?" என்றார் பூசாரி.

அன்று அம்மன் அதன்மேல்தான் வீதியுலா போனாள். ராக்கெட் வீதி முழுக்க வாகனத்துக்கு முன்னால், கூப்பிய கையோடு பின்னோக்கியே நடந்தார். கும்பிட்டது அம்மனையா, பிள்ளையையா என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேரையும் சேர்த்தே நானும் கும்பிட்டேன்.

படித்தவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். பசு மிரண்டதோடு நிறுத்திச் சிரித்துவிடாமல், கன்று நக்கியதையும் உள்ளது உள்ளபடியே சொல்லுங்கள். ராக்கெட்டுக்கு அந்த இடம்தான் முக்கியம்.