ஸ்பிரிங் முதற்கொண்டு

கராஜ் கதவு முழங்கால் உயரம்வரை இறங்கி வந்தது. திடீரென்று எதையோ மறந்துவிட்டதுபோல நின்றது. பிறகு கடகடவென்று மேலேயே போய்விட்டது.

அவர் ரிமோட்டை மறுபடி அமுக்கினார். கதவு மறுபடி இறங்கியது, நின்றது, ஏறியது. மேலே மோட்டாரில் இருந்த விளக்கு மட்டும் அவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்க, காலையில நல்லாத்தானே மூடிச்சு?" என்றாள் மனைவி. சமையலறையிலிருந்து கராஜுக்குள் வரும் சின்ன வாசலில் அவள் நின்றிருந்தாள்.

"மூடிச்சு. ஆனா கீச்சு கீச்சுன்னு சத்தம் போட்டுக்கிட்டே மூடிச்சு."

"இப்ப?"

"இப்ப சத்தமே இல்லை, பார்த்தியா?"

"மூடவும் இல்லையே."

அலுவலகத்தில் அவர் மேனேஜர். தெருவில் சார். ஆனால் மாமனார் வருகிற நாட்களில் அவர் வெறும் மாப்பிள்ளை. இன்றைக்கு மாமனார் வருகிறார். இன்னும் சற்று நேரத்தில்.

வம்பு போன மாதம் தொலைபேசியில் ஆரம்பித்தது. குசலமெல்லாம் விசாரித்து முடித்த மாமனார், சட்டென்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மாப்பிள்ளை, குளிர்காலம் வருதே, உங்க கராஜ் கதவைப் பரிசோதிச்சீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு கேட்கவில்லை.

"அதெல்லாம் முடிச்சாச்சு மாமா. ஆள் கூப்பிடலை, நானே பண்ணினேன். ஸ்பிரிங் முதற்கொண்டு."

மறுமுனையில் பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "ஸ்பிரிங் முதற்கொண்டா? சரி. நேர்லயே வந்து பார்க்கிறேன்" என்று மாமனார் லைனைத் துண்டித்தார்.

அன்றிலிருந்து மாப்பிள்ளைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாமனார் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர். இன்றைக்கும் சட்டைப்பையில் பேனாவும் டார்ச்சும் இல்லாமல் வெளியே கிளம்பமாட்டார். மகளின் கல்யாணத்தில் விருந்தினர் உட்காரும் முன் ஒவ்வொரு நாற்காலியாக ஆட்டிப் பார்த்தவர் அவர். மாப்பிள்ளையைத்தான் ஆட்டிப் பார்க்காமல் விட்டுவிட்டார். அந்தக் குறையை அவர் இன்றுவரை மறக்கவில்லை என்பது மாப்பிள்ளையின் சந்தேகம். "வாய் இருக்கிற அளவுக்குக் கை இல்லை" என்று மகளிடம் அவர் சொன்னதாக ஒரு தகவலும் உண்டு.

எனவே இன்று காலையில் எழுந்ததும் மாப்பிள்ளை ஒரு வீடியோவைப் போட்டுக்கொண்டு வேலையில் இறங்கினார். முதல் பாதியை மட்டும் பார்ப்பது அவர் வழக்கம். அலுவலகத்தில் அறிக்கைகளையும் அப்படித்தான் படிப்பார். முதல் பாதியில், உருளும் பாகங்களுக்கு மசகு போடவேண்டும் என்று ஒருவன் சிரித்தபடி சொன்னான். மாப்பிள்ளை ஒரு டப்பா கறுப்பு கிரீஸை எடுத்து, கதவின் சக்கரங்கள் ஓடும் தண்டவாளம் முழுக்க அப்பினார். தண்டவாளத்தில் மட்டும் எதையும் தடவிவிடாதீர்கள் என்பது இரண்டாம் பாதியில் இருந்தது; அதை அவர் அப்பி முடித்த பிறகுதான் பார்த்தார்.

கிரீஸைத் துடைக்கப் போனபோதுதான் அடுத்த சிக்கல். கதவுக்குக் குறுக்கே யாராவது வந்தால் கண்டுபிடிப்பதற்காக, தரையோரம் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு சின்னக் கண்கள் உண்டு. அதில் ஒன்றின்மேல் முழங்காலை ஊன்றி உட்கார்ந்துகொண்டு அவர் வெகுநேரம் துடைத்தார். அது கூரையைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. அதனால்தான் கதவு பாதியில் திரும்பிப் போகிறது.

"மெக்கானிக்கைக் கூப்பிடுங்களேன்" என்றாள் மனைவி.

"உங்கப்பா வந்து இறங்குற நேரத்துல வாசல்ல மெக்கானிக் வேன் நிக்கணுமா? என் மானம் என்ன ஆகுறது?"

"கதவு?"

"கதவுக்கு மானம் இல்லை."

வளைந்த கண்ணை இடுக்கியால் நிமிர்த்தப் பார்த்தார். தகடு கையோடு வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் இரண்டு கண்களையும் ஒயர் அறுந்துவிடாமல் பிடுங்கி, நேருக்கு நேர் வைத்து டேப் சுற்றி அலமாரியில் வைத்தார். புதுமணத் தம்பதிபோல அவை ஒன்றையொன்று மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தன. குறுக்கே யார் வந்தாலும் அவற்றுக்கு இனிக் கவலையில்லை.

ரிமோட்டை அமுக்கினார். கதவு இறங்கியது, நிற்காமல் இறங்கியது.

"பார்த்தியா!"

இந்த வெற்றியோடு அவர் நிறுத்தியிருக்கலாம். ஆனால் கீழே மரக்கட்டை ஒன்றை வைத்தால், கதவு அதைத் தொட்டவுடன் மேலே போகவேண்டும் என்று வீடியோவில் சொல்லியிருந்தது. மாமனார் நிச்சயம் அதைச் சோதிப்பார். வீட்டில் மரக்கட்டை இல்லை. காய் நறுக்கும் பலகை இருந்தது.

கதவு பலகையைத் தொட்டது. மேலே போகவில்லை. பலகையை மடார் என்று இரண்டாகப் பிளந்துவிட்டு, அதன்மேல் ஏறி நின்று இன்னும் அழுத்தியது. மோட்டார் உறுமியது. கருகல் வாடை வந்தது.

"ஐயோ, அது எங்கம்மா வாங்கிக்குடுத்த பலகை!"

பதறிப்போன மாப்பிள்ளை, மோட்டாரிலிருந்து தொங்கிய சிவப்புக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். டக்கென்று ஏதோ கழன்றது. உறுமல் நின்றது. இப்போது கதவுக்கும் மோட்டாருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

மனைவி உள்ளே போனதும் காருக்குப் பின்னால் குந்தியபடி மெக்கானிக்குக்கு போன் போட்டார்.

"என்ன சார் பண்ணினீங்க?"

"நான் ஒண்ணுமே பண்ணலைப்பா."

"நல்லது. சாயங்காலம் வர்றேன். அதுவரைக்கும் இதே மாதிரி ஒண்ணுமே பண்ணாம இருங்க."

அறிவுரை அருமையானதுதான். ஆனால் அதே நேரம் தெருமுனையில் ஒரு டாக்சி திரும்பும் சத்தம் கேட்டது.

கதவு திறந்திருந்தால் பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரியும். மாப்பிள்ளை பலகைத் துண்டுகளைக் காரின் அடியில் தள்ளிவிட்டு, இரண்டு கையாலும் கதவைத் தூக்கினார். இவ்வளவு கனமா? கனத்தைத் தாங்கவேண்டிய ஸ்பிரிங் தளர்ந்துபோய்த் துளிகூட ஒத்தாசை செய்யவில்லை. மார்பு உயரத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. அதற்குமேல் தூக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. தோளைக் கொடுத்து நின்றார்.

டாக்சி வாசலில் நின்றது. மாமனார் இறங்கினார். பெட்டியைக்கூடப் பார்க்கவில்லை, நேரே கதவைப் பார்த்தார். கூட வந்த மாமியார் பைகளை எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாக வீட்டுக்குள் போனார். மகள் அப்பாவின் பெட்டியை எடுக்க வாசலுக்கு ஓடி வந்தாள்.

"வாங்க மாமா" என்றார் மாப்பிள்ளை, கூன் விழுந்த நிலையில்.

"என்ன மாப்பிள்ளை, கதவைத் தாங்கிட்டு நிக்கிறீங்க?"

"பேலன்ஸ் டெஸ்ட் மாமா."

மாமனாரின் புருவம் உயர்ந்தது. குனிந்து உள்ளே வந்தார். டார்ச்சை எடுத்தார். "பாதியில விட்டா அப்படியே நிக்கணும், இல்லையா? விடுங்க பார்ப்போம்."

"விடறேன் மாமா. கொஞ்சம் பழகட்டும்."

"எது பழகணும்?"

"கதவுதான் மாமா. உயரத்துக்குப் பழகணும்."

மாமனார் ஆமோதிப்பதுபோல் தலையை ஆட்டினார். மாப்பிள்ளைக்கு அந்தத் தலையாட்டல் தூக்குமேடையில் கடைசி ஆசையை விசாரிப்பதுபோல இருந்தது.

"முதல்ல என்ன பண்ணினீங்க? வரிசையாச் சொல்லுங்க."

"தண்டவாளத்தைத் துடைச்சேன் மாமா."

"ம். அப்புறம்?"

"கண்ணையெல்லாம் நேராக்கினேன்."

"ம். சிவப்புக் கயிறை எந்தக் கட்டத்துல இழுத்தீங்க?"

"சரியான கட்டத்துலதான் மாமா."

"இழுத்தாச்சு. திரும்ப எப்படி மாட்டினீங்க? அதைச் சொல்லுங்க. அதுதான் முக்கியம்."

ஒவ்வொரு பதிலுக்கும் மாமனாரின் உதடுகள் அசைந்தன. மதிப்பெண்ணைக் கூட்டுகிறார் போலிருந்தது. அல்லது கழிக்கிறார்.

"அது தானாவே மாட்டிக்கும் மாமா. பொறுமையா இருந்தா."

"தானாவேவா?" மாமனாரின் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. "சரி, ஸ்பிரிங்? ஸ்பிரிங்கை எப்படி இறுக்கினீங்க?"

"கையாலதான்."

"வெறுங்கையாலயா!" மாமனார் ஓரடி பின்வாங்கினார். "எங்கே, ஒரு தடவை செஞ்சு காட்டுங்க."

செத்தோம் என்று நினைத்தார் மாப்பிள்ளை. ஸ்பிரிங் இருக்கும் திசையையாவது காட்டலாம் என்று ஒரு கையை எடுத்தார். அவ்வளவுதான். கிரீஸில் குளித்திருந்த சக்கரம் தண்டவாளத்தைவிட்டு வழுக்கி வெளியே குதித்தது. கதவின் ஒரு மூலை சடாரென்று இறங்கித் தரையில் குத்தி நின்றது. மறுமூலை காற்றில் தொங்கியது.

"நகருங்க, நான் பார்க்கிறேன்" என்று மாமனார் சட்டைக்கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார். தொங்கிய மூலையில் தம் உடம்பின் மொத்த கனத்தையும் போட்டு ஒரு தள்ளு தள்ளினார்.

படார்!

கராஜ் இருட்டாயிற்று. கதவு முழுதாக இறங்கி, கோணலாக இறுகிக்கொண்டது. கார் உள்ளே, மகள் வெளியே.

"அப்பா! என்னங்க! என்ன ஆச்சு?" அவள் கதவைத் தட்டினாள்.

"ஒண்ணுமில்லை, பரிசோதனை நடக்குது!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

டார்ச் வெளிச்சம் அலமாரிமேல் ஊர்ந்து, டேப் சுற்றி ஒட்டியிருந்த இரண்டு கண்களின்மேல் நின்றது. அங்கிருந்து கீழே வந்து, காரின் அடியில் கிடந்த பலகையின் பாதியைத் தொட்டது. மாப்பிள்ளையின் கையிலிருந்த கிரீஸில் கொஞ்சம் ஓய்வெடுத்து, கடைசியில் அவர் முகத்துக்கு வந்தது.

இனி மறைக்க ஒன்றுமில்லை.

"மாமா, மன்னிச்சுக்கங்க. போன்ல சொன்னது அத்தனையும் பொய். இன்னிக்குக் காலைவரைக்கும் நான் இந்தக் கதவைத் தொட்டதே இல்லை."

"தொட்டதே இல்லையா?"

"இல்லை மாமா."

"ஸ்பிரிங்கை?"

"அது எங்கே இருக்குன்னே இன்னிக்குத்தான் தெரியும்."

மாமனாரின் கையிலிருந்த டார்ச் தாழ்ந்தது. பக்கத்தில் கிடந்த பெயிண்ட் டப்பாமேல் மெதுவாக உட்கார்ந்து, தலையில் கைவைத்துக்கொண்டார். மாப்பிள்ளை அவரை இப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். வீடு, வேலை, பதவி எல்லாம் இருந்தும் தன் மகளைக் கையாலாகாத ஒருவனிடம் கொடுத்துவிட்டோமே என்று ஒரு தகப்பன் நொந்துபோய் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவருக்குச் சகிக்கவில்லை.

"மாமா, ஒரு வார்த்தை திட்டிடுங்க" என்றார் மாப்பிள்ளை.

மாமனார் டார்ச்சை அணைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சமையலறைப் பக்கத்துச் சின்ன வாசல் திறந்து வெளிச்சம் விழுந்தது. கையில் தண்ணீர்ச் சொம்போடு நின்ற மாமியார், இறுகிக் கிடந்த கதவையும், உள்ளே மாட்டிய காரையும், பெயிண்ட் டப்பாமேல் இருந்த தம் கணவரையும் ஒரு நோட்டம் விட்டார்.

"அவர் எப்படித் திட்டுவார் மாப்பிள்ளை? எங்க வீட்டுக் கதவை அவரே பரிசோதிச்சு, காரை உள்ளே வச்சு இதே மாதிரி மாட்டிவிட்டு மாசக்கணக்காச்சு; நீங்க எப்படிப் பண்ணினீங்கன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுப் போகத்தானே டாக்சி பிடிச்சு இவ்வளவு தூரம் ஓடி வந்தார்!"