சுவர் கிடைத்தால்தான் நிற்கும் வண்டி

மலைவழி மோட்டார் சைக்கிள் மாத இதழின் ஆசிரியர் அவர்களுக்கு,

பெர்கமோ நகருக்கு வடக்கே, செரியோ பள்ளத்தாக்கிலிருந்து தொசோலினா எழுதும் மடல். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் தங்கள் முதுகெலும்பும் நலம்தானே? முதுகெலும்பைத் தனியாக விசாரிக்கக் காரணம் உண்டு. காடுமேடு ஏறுவதற்கென்றே செய்த, எடை குறைந்த டூ-ஸ்ட்ரோக் எண்டூரோ மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பற்றித் தாங்கள் வசந்தகாலத்து இதழ் ஒன்றில் "யார் வேண்டுமானாலும் ஓட்டலாம்" என்று எழுதியிருந்தீர்கள். என் கணவர் எவரிஸ்தோ அதை நம்பி அந்த வண்டியை வாங்கிவிட்டார். செப்டம்பரில் ஊர்ச் சங்கம் நடத்தும் மலைப்போட்டிக்குப் பெயரும் கொடுத்துவிட்டார். அதற்கு முன்பு "குள்ளமானவர்கள் தவிர" என்று தாங்கள் ஒரு திருத்தம் அச்சிட்டால் ஒரு மனிதரின் கழுத்து தப்பும்.

எவரிஸ்தோ குள்ளம். வண்டியின் இருக்கை அவர் தொப்புளுக்கு நேராக இருக்கிறது. நாற்காலி போட்டு ஏறிவிட்டால் இரண்டு கால்களும் அந்தரத்தில். ஓடும்வரை தொல்லையில்லை, நிற்பதுதான் தொல்லை. சாய்ந்துகொள்ள ஒரு சுவர் வேண்டும். ஊரில் அவருக்குத் தோதானவை ரொட்டிக்கடைச் சுவர், கோயில் சுவர், எங்கள் சமையலறை ஜன்னல். அங்கே வேறு யாராவது நின்றுகொண்டிருந்தால் இடம் காலியாகும்வரை சுற்றிக்கொண்டே இருப்பார். பெட்ரோல் டேங்க் சிறியது என்று தாங்கள் குறைப்பட்டிருந்தீர்கள். ஐயா, அந்தச் சிறிய டேங்க்தான் எனக்குக் கணவரைத் திருப்பித் தருகிறது. போன வாரம் ரொட்டிக்கடை டெல்ஃபினா என்னைக் கூப்பிட்டு, "ஏண்டி தொசோலினா, உன் வீட்டுக்காரர் ஓட்டிக்கிட்டே ரொட்டி கேக்குறார். ஒரு சுத்துக்கு ஒரு வார்த்தைதான் காதுல விழுது. முதல் சுத்துல 'ரெண்டு'ன்னார், அடுத்ததுல 'கோதுமை'ன்னார், அப்புறம் 'வேணாம்'னு போறார். எதுடி வேணாம்?" என்றாள். எனக்கும் தெரியவில்லை. இருபது வருடக் குடித்தனத்திலும் அவர் பேச்சு எனக்கு ஏறக்குறைய அப்படித்தான் வந்து சேர்ந்திருக்கிறது என்பது மட்டும் அன்று உறைத்தது.

காலைக் காப்பியை ஜன்னல் வழியாகத்தான் நீட்டுகிறேன். ஒரு கையால் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இஞ்சின் பட்பட்டென்று அடிக்க, குடிக்கிறார். "ஏன்யா, இறங்கிக் குடிச்சா காப்பி கசக்குமா?" என்றால், "இறங்குனா மறுபடி ஏறணுமே. நாற்காலிய நீதான் வாங்கி உள்ள வச்சுட்டியே" என்கிறார். மெக்கானிக்கிடம் போய் இருக்கையைக் கொஞ்சம் வெட்டித் தாழ்த்தலாமே என்றேன். "ஆசிரியர் எந்த உயரத்துல ஒக்காந்தாரோ அதே உயரத்துலதான் நானும் ஒக்காருவேன். அச்சுல வந்திருக்கு தொசோலினா, அச்சுல!" என்கிறார். கட்டுரையோடு வந்த புகைப்படத்தில் கொக்குபோல நிற்பது தாங்கள்தானா? அந்தக் கால்களோடு "யார் வேண்டுமானாலும்" என்று எழுத எப்படி ஐயா மனசு வந்தது?

எடை நூறு கிலோவுக்கு உள்ளேதான், கீழே விழுந்தால் ஒற்றை ஆளே தூக்கிவிடலாம் என்றும் எழுதினீர்கள். அந்த ஒற்றை ஆள் யார் என்று எழுதவில்லை. நான்தான். பள்ளியில் புவியியல் பாடம் நடத்திக்கொண்டிருப்பேன், ஃபோன் வரும், அவர் விழுந்த இடத்துக்குப் போய் வண்டியைத் தூக்குவேன். ஆக்ஸிலரேட்டரைத் திருப்பினால் முதலில் ஒன்றுமே நடக்காது, அப்புறம் எல்லாமே ஒரே நேரத்தில் நடக்கும். விட்டாலும் வேகம் குறையாது, இந்த மாதிரி இஞ்சின் தானாக இழுத்துப் பிடிக்காதாம், பிரேக்கைத்தான் நம்பணுமாம், பிரேக் பிடிச்சா நிக்கணும், நிக்கணும்னா சுவர் வேணும், பார்த்தீங்களா, எங்கே சுத்தினாலும் சுவர்கிட்டதான் வந்து நிக்குது.

இப்படி இருக்கையில் புனித ரோக்கோ திருவிழா வந்தது. ஊர்வலம் பார்க்க மொத்த ஊரும் சுவரோரமாக நின்றுவிட்டது, ஒரு முழம்கூடக் காலியில்லை. அவர் மூன்று தெருவையும் சுற்றிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் ஊர்வலத்துக்குள் நுழைந்து, எட்டுப் பேர் தோளில் வந்துகொண்டிருந்த புனிதரின் பல்லக்கைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். முதல் கியரில், புனிதர் நடக்கும் வேகத்தில், கோயில்வரை. எண்ணெய் கலந்த பெட்ரோல் புகை நீலமாகச் சாம்பிராணியோடு சேர்ந்து மேலே போனது, கிழவிகள் சிலுவை போட்டுக்கொண்டார்கள், அவர் சாய்ந்த பக்கம் தூக்கிய நாலு பேரும் நாலு நாள் படுக்கை. மன்னிப்புக் கேட்கப் போனேன். பங்குச் சாமியார் தோன் தார்ச்சீசியோ, "அடுத்த வருஷமும் வரச் சொல்லும்மா. சாம்பிராணி பாதி மிச்சம், ஒரு கொசுகூட வரல" என்றார். "சாமி, அவர் கழுத்து முறிஞ்சிரும்னு பயமா இருக்கு" என்றேன். "போட்டி எங்க நடக்குது?" என்றார். கல்குவாரி மேட்டில் என்றேன். "அங்க சுவர் கெடையாதே!" என்று சொல்லிவிட்டு அவரும் சிலுவை போட்டுக்கொண்டார்.

அதுதான் ஐயா என் பயம். அந்த மேட்டில் இரண்டு பக்கமும் வெறும் காற்று, சாய முடியாது. நான் சொன்னால் கேட்க மாட்டார், சாமியார் சொன்னாலும் கேட்க மாட்டார், தாங்கள் அச்சிட்டால் கேட்பார். திருத்தம் வந்த அன்றே வண்டியை விற்றுவிடச் சொல்கிறேன். தங்கள் பேனாவுக்கும் முதுகெலும்புக்கும் புனித ரோக்கோ துணையிருக்கட்டும். தங்கள் இல்லத்தரசிக்கு என் அன்பும் அனுதாபமும்.

இப்படிக்கு,
தொசோலினா

பி.கு.: கடிதத்தைத் தபாலில் சேர்க்கக் கிளம்பினேன். பேருந்து போய்விட்டது. எவரிஸ்தோ தூங்குகிறார், வண்டி ஜன்னலோரம் நிற்கிறது. ஓட்டிப் பார்க்காமல் குறை சொல்வது நியாயமில்லை என்று தோன்றியது. ஏறி உட்கார்ந்தேன். இரண்டு பாதங்களும் தரையில் அழுந்தப் பதிந்தன. (நான் அவரைவிட இரண்டு சாண் உயரம்.) தபால் பெட்டி கீழே இருக்கிறது, நான் மேலே போய்விட்டேன். மேய்ச்சல் நிலத்தையும் தாண்டி, கல்குவாரி மேடுவரை. முன்சக்கரம் தானாகவே எழும்பியது. "ஐயோ" என்று கத்தினேன், பிறகு இன்னொரு முறை எழுப்பிக் கத்தினேன். உச்சியில் ஒன்றிலும் சாயாமல் வெகுநேரம் நின்றிருந்தேன். ஆகவே தங்கள் கட்டுரையில் ஓர் எழுத்தும் பிழையில்லை. ஆனாலும் திருத்தத்தைக் கட்டாயம் அச்சிடுங்கள், கொட்டை எழுத்தில். விற்பதைப் பற்றி மட்டும் எதுவும் வேண்டாம். "வீட்டில் நெட்டையானவர்கள் இருந்தால் அவர்களிடம் கொடுத்துவிடுவது உத்தமம்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். போட்டிக்குப் பெயர் மாற்ற இன்னும் நாள் இருக்கிறதாம்.