இங்கிலாந்து மரமும் ஹட்டன் சாயமும்

ஹட்டன்.

லண்டனில் இருக்கும் அன்பு மச்சான் தனுஜனுக்கு அத்தான் அழகன் எழுதுவது.

முருகன் தயவில் உங்கள் அக்கா ஜீவராணியும் நானும் சுகம். உங்கள் அப்பா விட்டுப்போன மொரிஸ் மைனர்தான் சுகமில்லை. நுவரெலியா பழைய கார் போட்டியில் அது கடைசியாக வந்த கதையை மற்றவர்கள் கண் காது மூக்கு வைத்துச் சொல்வதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

பின்பக்க மரச்சட்டம் உளுத்துப்போனது நீங்கள் அறிந்ததே. அசல் சாமானுக்குத்தான் புள்ளி, இங்கிலாந்து மரமே போட வேண்டும் என்று போனில் கண்டிப்பாகச் சொன்னீர்கள். நானும் விலை விசாரித்தேன். பக்கத்தில் நின்ற உங்கள் அக்கா, "அந்தக் காசுக்கு வீட்டுக் கூரையவே மாத்திரலாங்க. கார் நனைஞ்சா தொடைச்சிக்கலாம், நாம நனைஞ்சா?" என்றாள். இங்கிலாந்து மரத்தைக் கைவிட்டேன். தச்சு வேலை செய்யும் மூக்கன் பாஸைக் கூப்பிட்டேன். அவர் மலிவாகச் சவுக்குப் பலகை போட்டு அழகாகத்தான் இழைத்தார். நிறம்தான் வெளிறிக் கிடந்தது. "ஒரு சட்டி தேயிலைச் சாயம் காய்ச்சிப் பூசுங்க, வெள்ளைக்காரன் காலத்து மரமா ஆயிரும். வர்றவங்க கடிச்சா பாக்கப் போறாங்க?" என்றார். டஸ்ட் தேயிலை போட்டுச் சுண்டக் காய்ச்சிப் பூசினேன். அசலே தோற்றுப்போகும், மச்சான். நானுஓயா ஏற்றமெல்லாம் ஏறி, உங்கள் அக்காவோடு நுவரெலியாவுக்கு நானே ஓட்டிக்கொண்டு போனேன். கொழும்புக் கனவான் ஒருவர் தன் காரை லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். நடுவர் நம்முடைய மரத்தைத் தடவிப் பார்த்து, "அசல்தானே?" என்றார். "பாத்தாத் தெரியலீங்களா?" என்றேன். அந்த நேரம் பார்த்துத் தூறல் விழுந்தது. வெள்ளைப் பெயின்ட் மேல் பழுப்புத் தண்ணீர் கோடு கோடாக வழிந்து நடுவரின் சட்டைக் கையில் ஏறியது. அவர் விரலை மூக்கருகே கொண்டுபோனார். மனுஷன் கொழும்பில் தேயிலை ருசி பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவராம். "டஸ்ட். கொஞ்சம் கூடவே கொதிச்சிருக்கு" என்றார் அமைதியாக.  உங்கள் அக்கா, "சீனி போடலீங்க ஐயா" என்றாள்.

சாயம் வெளுப்பதை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன். இனிச் சிக்கனம் என்ற பேச்சே இல்லை. அடுத்த வருஷம் ஆணி வரைக்கும் அசல்தான். மரத்தை அங்கேயே வாங்கி அனுப்புங்கள். கூரை ஒழுகினால் சட்டி வைத்துக்கொள்கிறோம்.

உங்கள் மனைவி கோசலாவுக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசி. அந்தக் குளிரில் பிள்ளையார் உங்களைக் கதகதப்பாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
அத்தான் அழகன்

பி.கு.: உறையை ஒட்டப் போன நேரத்தில் நடுவர் போன் பண்ணினார். மகளுடைய கல்யாண ஊர்வலத்துக்கு நம்முடைய கார்தான் வேண்டுமாம். முதல் பரிசு வாங்கிய கனவானிடம் கேட்டதற்கு, அவ்வளவு செலவழித்த காரை ரோட்டில் இறக்க மனசு வரவில்லை என்றாராம். ஆகையால் மரம் அனுப்ப வேண்டாம். உங்கள் அக்கா கூரைக்கு ஆள் கூப்பிட்டுவிட்டாள்.