பங்காக்காரன் குடித்த காப்பி

உள்ளேயிருந்து மானேஜர் கயிற்றை வெடுக்கென்று இழுத்ததும், தாழ்வாரத்தில் மல்லாந்து கிடந்த சீனிச்சாமி தரதரவென்று சுவர் வரைக்கும் போய்விட்டான். கயிறு அவன் கால் கட்டைவிரலில் கட்டியிருந்தது. அந்த விரல் என்ன பாவம் செய்ததோ, வாரத்துக்கு நாலு தடவை அதற்கு இந்தக் கதிதான்.

"ஏலே! இருக்கியா, செத்துட்டியா?" என்று சுவர் ஓட்டை வழியாகக் குரல் வந்தது.

"இருக்கேன் சாமி. வீசிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எங்கலே வீசுத? இங்க வேர்த்து ஊத்துது!"

சீவில்லிபுத்தூரில் பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்றில் மானேஜர் சுந்தரபாண்டியனின் தலைக்கு மேலே பங்கா என்கிற பெரிய துணி விசிறி தொங்கியது. அதன் கயிறு சுவர் ஓட்டை வழியாக வெளியே வரும். கயிற்றை இழுத்து இழுத்து விடுவதுதான் சீனிச்சாமிக்கு உத்தியோகம். ராஜபாளையத்திலிருந்து ஏழு கல் நடந்து வந்து உட்காருகிறவனுக்குத் தூக்கம் வராமல் வேறென்ன வரும்? மானேஜர் அப்படியில்லை. புழுங்கிப் புழுங்கி, ஈயை விரட்டி விரட்டி, வருகிறவன் போகிறவனையெல்லாம் வைதுகொண்டு கொட்டக் கொட்ட முழித்திருப்பார். இந்த மூன்று வருசத்தில் அவர் கண்ணசந்து யாரும் பார்த்ததில்லை.

"வெள்ளிக்கிழம பெரிய மொதலாளி தூத்துக்குடியிலேர்ந்து வாராக. வேலை நேரத்துல எவன் தூங்குனாலும் அவுகளுக்கு ஆகாது. அன்னைக்கு நீ கண்ண மூடுன, பொறவு உனக்குக் கண்டிக் கப்பல்தான்!"

கண்டி என்றதும் சீனிச்சாமி எழுந்து உட்கார்ந்து வேகமாகக் கயிற்றை இழுத்தான். தேயிலைத் தோட்டத்துக்குப் போன அவன் அண்ணன் இருளப்பசாமி திரும்பவில்லை. அவன் போர்த்திக்கொண்டு போன கம்பளி மட்டும் வேறொருத்தன் கையில் திரும்பி வந்தது. சீனிச்சாமி வீட்டுக் கொடியில் அது இன்னும் தொங்குகிறது. அவன் பெண்டாட்டி அழகுத்தாய் அதைத் துவைப்பதுமில்லை, மடிப்பதுமில்லை.

சாயங்காலமே கடைத்தெருவில் நாட்டு மருந்து விற்கும் சேக் முகைதீன் ராவுத்தரிடம் போய் நின்றான்.

"தூக்கத்துக்கு மருந்து வேணும் ராவுத்தரே."

"தூங்கவா?"

"தூங்காம இருக்க."

ராவுத்தர் தாடியைத் தடவினார். "காப்பின்னு ஒண்ணு மலையில வெளையுது. துரைமாரு குடிக்கிறது. அதோட சுக்கு, திப்பிலி, அமுக்கராக் கிழங்கு இடிச்சுப் போட்டு ஒரு தூள் வச்சிருக்கேன். குடிச்சா செத்த பொணமும் எந்திரிச்சு ஓடும்."

"கசாயமா?"

"கசாயம் நோயாளிக்கு. இது உத்தியோகஸ்தனுக்கு."

செவ்வாய்க்கிழமை காலையில் கடை வாசலிலேயே ஒரு செம்பு குடித்தான். நாக்கு கசந்தது, காது சுட்டது. தாழ்வாரத்துக்கு வந்து கயிற்றைப் பிடித்தவன், தீப்பிடித்த வீட்டுக்குத் தண்ணீர் இறைக்கிறவன்போல இழுத்தான். உள்ளே மேசைமேல் இருந்த மாதிரிப் பஞ்செல்லாம் கிளம்பி மானேஜர் மீசையில் போய் ஒட்டியது.

"அடப் பாவி! என்னை மூடி அடக்கம் பண்ணிருவ போலருக்கே. மெதுவாலே!"

"மெதுவா வரமாட்டேங்குது ராவுத்தரே" என்று சாயங்காலம் போய் அழுதான்.

"அமுக்கரா பத்தல. அதைக் கூட்டுவோம், நிதானம் வரும்."

நிதானம் வரவில்லை, நடுக்கம்தான் வந்தது. புதன்கிழமை பங்கா திக்கித் திக்கி ஆடி, எழுந்து நின்ற மானேஜரின் தலைப்பாகையைத் தட்டிவிட்டது. ராவுத்தர் திப்பிலியைக் குறைத்து, காப்பியை இரட்டிப்பாக்கினார். வியாழக்கிழமை நடுக்கம் நின்றது, வயிறு நிற்கவில்லை. ஒன்பது தடவை ஓடைக்கு ஓடினான். ஒன்பது தடவையும் பங்கா நின்றது.

"நாளைக்கு ஓடுன, அப்படியே கண்டிக்கு ஓடிரு!" என்றது சுவர் ஓட்டை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அழகுத்தாய் அவன் முகத்தைப் பார்த்து அழுதாள்.

"மூணு நாளா மோட்டுவளையப் பாத்துக்கிட்டே கெடக்கீக. நேத்து மத்தியானத்துலேர்ந்து சோறும் வேண்டாங்கீக. இந்த உத்தியோகம் வேணுமா?"

"வயித்துல சோறு இருந்தாத்தான ஏட்டி ஓடணும்?" என்றவன் கொடியில் தொங்கிய கம்பளியைக் காட்டினான். "அதை நான் போர்த்திக்கிட்டுப் போகவா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் துண்டை எடுத்துக் கொடுத்தாள். இவனும் போய்விட்டால் யார் கையில் எந்தத் துணி திரும்பி வரும் என்ற பயம் அவளுக்கு.

அன்று வெறும் வயிற்றில் இரண்டு செம்பு குடித்துவிட்டு உட்கார்ந்தான். கண் குழியில் கிடந்தது, நெஞ்சு திடும் திடும் என்று அடித்தது. அந்த அடிக்கு ஒரு இழுப்பு என்று கணக்கு வைத்து இழுத்தான். அடடா, பங்கா ஒரே சீராக ஆடியது! பஞ்சு பறக்கவில்லை, தலைப்பாகை விழவில்லை. உச்சிப்பொழுது ஆகியும் உள்ளேயிருந்து ஒரு வசவு வரவில்லை. மூன்று வருசத்தில் திட்டு வாங்காத முதல் மத்தியானம். சீனிச்சாமிக்கு அழுகையே வந்துவிட்டது.

வில்வண்டி வந்து நின்றது. பெரிய முதலாளி சத்தமில்லாமல் இறங்கி உள்ளே போனார். சீனிச்சாமி இன்னும் சிரத்தையாக இழுத்தான்.

உள்ளே ஏதோ உருண்டது. ஒரு கத்தல் கேட்டது. செத்த நேரத்தில் மானேஜர் சுந்தரபாண்டியன் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் தெருவில் இறங்கிப் போனார். பின்னாலேயே முதலாளி தாழ்வாரத்துக்கு வந்தார்.

"நீதான் வீசுனதா?"

"ஆமா சாமி. நாலு நாளா கண்ணே மூடல."

"தெரியுது. உள்ள ஆத்தங்கரைக் காத்து மாதிரி வீசுது."

சீனிச்சாமிக்கு உச்சி குளிர்ந்துபோனது. முதலாளி திரும்பிப் பார்க்காமலே வண்டிக்காரனிடம் சொன்னார்: "அந்தக் கயித்த அறுத்துப் போடு. இனி இந்தக் கிட்டங்கிக்குப் பங்காவே வேண்டாம். இவனையும் அனுப்பிரு."

அறுந்த கயிறு கையில் கிடக்க, அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். கொடியில் தொங்கும் கம்பளிதான் கண்ணில் நின்றது. உள்ளறையைப் பெருக்குகிற வேலுத்தாய் விளக்குமாற்றோடு வெளியே வந்தாள்.

"நான் தூங்கலையே அக்கா! நெஞ்சு வெடிக்க வெடிக்க வீசுனேனே! அவரையும் அனுப்பி, என்னையும் எதுக்கு அனுப்புதாக?"

வேலுத்தாய் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அட கூறுகெட்டவனே, உன் காத்துல சொக்கிப்போயி மேசை மேல காலப் போட்டுக் கொறட்ட விட்டுட்டாருலே மானேசரு, மூணு வருசமா நீ தூங்குனதுனாலதாம்லே அந்த மனுசன் முழிச்சுக்கிட்டு இருந்தாரு!"