ஐந்து ‘இல்லை’ தேவை

நாற்பது பேரும் ‘ஆம்’ என்று சொல்லித் தொலைத்ததுதான் கல்பனாவுக்கு வந்த வினை.

"நாப்பதுக்கு நாப்பது ஆமாவா? வீட்ல உக்காந்து நீயே டிக் போட்டியா?" என்று காஞ்சிபுரத்திலிருந்து போனில் கேட்டார் மேற்பார்வையாளர் ஸ்ரீகாந்த். ஊரே வேலைவெட்டி இல்லாமல் தவிக்கிற காலத்தில், பருவநிலை மாற்றத்துக்காக எவனாவது கைக்காசை விடுவானா, யார் நம்புவார்கள் என்றார். நாலு மணிக்குள் ஐந்து ‘இல்லை’யாவது வந்து சேர வேண்டும். வராவிட்டால் நாற்பது படிவமும் குப்பைக்கு, அடுத்த மாதத்திலிருந்து கல்பனாவும் வீட்டுக்கு. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார்.

மணி ஒன்று. கல்பனா உத்திரமேரூர்க்காரி; கணக்கெடுக்கத்தான் இந்தக் கிராமத்துக்கு வந்திருந்தாள். கணவனுடைய கம்பெனியில் ஆட்களைக் குறைத்ததிலிருந்து அவன் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இந்தக் கணக்கெடுப்பு வேலையில்தான் அடுப்பு எரிகிறது. அதனால் அவள் போனை ஒரு முறை முறைத்துவிட்டு, கடைசியாகப் போன வீட்டுக்கே திரும்பி ஓடினாள்.

படிவத்தில் பதினெட்டுக் கேள்விகள். சிக்கலெல்லாம் கடைசிக் கேள்வியில்தான். ‘மழை பொய்ப்பதும் ஒரேயடியாகக் கொட்டுவதும் அதிகமாகிவிட்டதால், உங்கள் ஊர் ஏரிக்கு நீர் வரும் கால்வாயைச் சீராக்க வேண்டியுள்ளது. அதற்காக ஒரு நாள் கூலியை விட்டுக்கொடுப்பீர்களா?’

அந்த வீட்டு ஆதிலட்சுமிக்கு நாலு ஏக்கர் நிலமும் ஒரு ஃபிரிட்ஜும் உண்டு. கணக்கெடுக்க யார் வந்தாலும் ஃபிரிட்ஜின் மேல் பழைய புடவையைப் போர்த்திவிடுவார். வசதி இருக்கிறது என்று எழுதிப் போய்விட்டால் மாதாமாதம் வரும் அரசுப் பணம் நின்றுவிடுமோ என்று பயம். புடவைக்குள் அது உறுமிக்கொண்டிருந்தது.

இது எந்தத் திட்டமும் இல்லை, மனசில் இருப்பதைச் சொன்னால் போதும், இல்லை என்றாலும் எழுதிக்கொள்கிறேன் என்று கல்பனா எடுத்துச் சொன்னாள். ஆதிலட்சுமியின் முகம் மாறிவிட்டது.

"இல்லைன்னு சொல்ல வெச்சு பேரை அடிச்சுடலாம்னு பாக்கறியா? ஆமா தான். எங்க வூட்டுக்காரருக்கும் சேத்து ரெண்டு ஆமாவா எழுதிக்கோ."

நாற்பது நாற்பத்தொன்று ஆனது.

சுமையை ஏற்றினால் பின்வாங்குவார்கள் என்று கல்பனா அடுத்த தெருவில் ஒரு நாளைப் பத்து நாளாக்கிக் கேட்டாள். வாயால் கொடுப்பதற்கு ஒரு நாளென்ன, பத்து நாளென்ன? ஆளாளுக்குத் தலையாட்டினார்கள். முன்னாள் வார்டு மெம்பர் வேதாசலம் பத்தையும் தாண்டிப் பதினைந்து நாள் தருவதாக வாக்குக் கொடுத்தார்.

"காவா நம்ம ஊர் சொத்தாச்சேம்மா," என்றார் ஈஸிசேரில் சாய்ந்தபடி.

கல்பனாவுக்கு அழுகையே வந்துவிட்டது. தன் நிலைமையை அவரிடம் கொட்டிவிட்டாள். வேதாசலம் இளகிய மனசுக்காரர். ஒரு பெண்ணின் வேலை போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? நேரே கோயிலுக்குப் போய் மைக்கைப் பிடித்தார். ‘இல்லை’ என்று சொல்கிற ஐந்து பேர் மட்டும் உடனே கோயிலண்டை வரவும் என்று ஊர் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார்.

பத்தே நிமிஷத்தில் ஊரே வந்துவிட்டது. ஆதார், ரேஷன் கார்டு, அவற்றின் ஜெராக்ஸ் எல்லாம் கையில் இருந்தன. ஐந்து பேரை எதிலிருந்தோ நீக்கப்போகிறார்கள் என்று செய்தி பரவியிருந்தது. அந்த ஐந்தில் தன் பெயர் இல்லை என்று ஒவ்வொருவரும் உறுதிசெய்துகொள்ள வேண்டியிருந்தது. கண்ணெதிரே ‘ஆம்’ போடச் சொல்லி நின்று பார்த்தார்கள். தினேஷ்குமார் என்பவர் செங்கல்பட்டிலிருந்து விருந்துக்கு வந்த மச்சானையும் கூட்டிவந்து எழுதவைத்தார். இதற்கு நடுவில் ஸ்ரீகாந்த் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார். மணி மூன்று. ‘ஆம்’ அறுபத்துமூன்று.

கல்பனா படிவங்கள் செருகிய அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு கோயிலின் பின்பக்கமாக நழுவினாள். வியர்வையில் கண் எரிந்தது. கால் போன போக்கில் நடந்து ஊருக்கு வெளியே கால்வாய்க் கரைக்கு வந்துவிட்டாள்.

அங்கே புங்கமரத்தடியில் ஐந்து பேர் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் மண்வெட்டி, கடப்பாரை, வெட்டிப்போட்ட வேலிக்காத்தான் முள். நூறு நாள் வேலைக்கு வந்தவர்கள், வேலையை விட நிழலில் அதிக நேரம் இருப்பவர்கள் என்று கல்பனா தானாக முடிவு கட்டிக்கொண்டாள். நம்பிக்கையே இல்லாமல் கடைசிக் கேள்வியைப் படித்தாள்.

"முடியாதும்மா," என்றார் அவர்களில் மூத்தவரான பெருமாள்.

கல்பனா தன் காதை நம்பாமல் திருப்பிக் கேட்டாள்.

"ஒரு நாள் கூட முடியாது. வூட்ல அரிசி இல்ல. ஒரே பேஜாரா கீது."

"எனுக்கும் இல்லைன்னே போடு," என்றாள் பாக்கியமேரி. "ஏன்னு கேட்டின்னா..."

"காரணமெல்லாம் வேணாங்க்கா, அதுக்குப் படிவத்துல கட்டம் இல்ல," என்று கல்பனா அவசரமாக டிக் போட்டாள். பீட்டரும் ஜானும் தேவயானியும் அதையே சொன்னார்கள். நாலே நிமிஷத்தில் ஐந்து ‘இல்லை’. அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. ஆனால் ஊருக்கே ஆகிற காரியத்துக்கு ஒரு நாள் கூலி விட மனசில்லையே என்று உள்ளுக்குள் கொஞ்சம் வெறுப்பாகவும் இருந்தது. தேவயானி தன் சட்டியிலிருந்து ஒரு வாய் சோறு சாப்பிடச் சொன்னாள். கல்பனாவுக்கு அதற்கு ஏது நேரம்?

மூன்றே முக்காலுக்குப் படிவங்களைப் படமெடுத்து அனுப்பினாள். ஸ்ரீகாந்த் உடனே கூப்பிட்டார்.

"இப்பதான் நம்பற மாதிரி இருக்கு," என்றார். கூலித் தொழிலாளர்களிடம் ஊர் நலனில் அக்கறை குறைவு, அவர்களுக்கு விழிப்புணர்வு முகாம் தேவை என்று அறிக்கையில் சேர்க்கப்போவதாகச் சொன்னார். முகாம் நடத்தும் பொறுப்பும் அவளுக்குத்தான். வேலை போய்விடும் என்று பயந்தவளுக்கு இன்னும் மூன்று மாத வேலை கிடைத்துவிட்டது.

உத்திரமேரூர் திரும்ப ஷேர் ஆட்டோ ஏறியபோது கல்பனாவுக்கு ஊரே அழகாகத் தெரிந்தது. ஓட்டியவர் அந்த ஊர் ஏசுதாஸ். உங்கள் ஊரில் அறுபத்துமூன்று பேருக்குத் தங்கமான மனசு, அந்தப் பெருமாள், பாக்கியமேரி கூட்டம் ஐந்து பேர் மட்டும் கால்வாய்க்கு ஒரு நாள் கூலி தரமாட்டோம் என்றுவிட்டார்கள் என்று அவரிடம் குறையாகச் சொன்னாள்.

ஏசுதாஸ் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"அந்த அறுவத்திமூணு பேரும் கை குடுக்க வருவாங்கன்னு காத்துக்கினு இருந்துட்டு, மழைக்கு முன்னாடி முடிக்கணும்னு நாலு நாளா கூலிக்குப் போவாம காவாய வெட்டிக்கினு கீறதே அந்த அஞ்சு பேரு தாம்மா, இன்னும் ஒரு நாள் குடுன்னா எங்கருந்து குடுப்பாங்க?"