பன்னிரண்டு மணிக்குள் ஒரு பொய்

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ஏப்ரல் முதல் தேதி ஒரு தடவைகூட நான் ஜெயித்ததில்லை. இந்த வருடம் ஜெயித்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

அன்று ஈஸ்டர் திங்கள். இங்கிலாந்தில் எங்கள் கெட்டரிங் ஊருக்கே விடுமுறை. நேற்று முட்டை நாள், இன்று முட்டாள் நாள். மேஜைமேல் பாதி தின்ற சாக்லேட் முட்டை இருந்தது. முட்டாள்தான் பாக்கி. அது என் மனைவி லிண்ட்சியாக இருக்கட்டும்!

எங்கள் மாடியில் ஒரு சின்ன அறை. அதில் என் பொம்மை ரயில்கள் ஓடுகின்றன; கட்டைவிரல் உயரத்தில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் பொம்மைகூட உண்டு. அந்த அறையைத் தன் அம்மாவுக்குக் கொடுக்கச் சொல்லி கிறிஸ்துமஸிலிருந்து லிண்ட்சி கேட்கிறாள். அம்மா வந்தால் வந்ததுதான், திரும்பிப் போகிற பேச்சே கிடையாது. அவள் கேட்பது அறை. கொடுத்தால் எனக்கு விழுவதும் அறை.

திட்டம் இதுதான். "சரி, வரட்டும்" என்பேன். அவள் உருகுவாள். "ஏப்ரல் ஃபூல்!" என்று கத்துவேன்.

ஒரே ஒரு ஆபத்து உண்டு. எங்கள் நாட்டில் இந்த விளையாட்டு மதியம் பன்னிரண்டு வரைதான். அதற்குமேல் ஏமாற்றப் பார்ப்பவனே முட்டாள். லிண்ட்சி பிறந்த வீட்டில் இன்னொரு சட்டமும் உண்டு: பன்னிரண்டுக்குப் பின் சொன்னது விளையாட்டில்லை, வாக்கு. அந்தச் சட்டப்படிதான் ஒரு வருடம் வீடு முழுக்க நான் பெயின்ட் அடித்தேன்.

காலை முழுவதும் தோட்டத்து ஷெட்டில் ஒத்திகை பார்த்தேன். கைப்பேசி கிடையாது. விடுமுறை நாளில் அதை பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடுவது லிண்ட்சியின் வழக்கம். சமையலறைக்குள் வந்து சுவரைப் பார்த்தேன். பதினொன்று நாற்பது. கோடைக்காலத்துக்காக நாடே நேற்றுக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது. நானே நாற்காலி போட்டு ஏறித் தள்ளினேன். ஆனாலும் சந்தேகத்துக்கு அடுப்பிலிருந்த கடிகாரத்தையும் பார்த்தேன். அதே பதினொன்று நாற்பது. இரண்டு சாட்சி!

"லிண்ட்சி, உங்க அம்மா வந்து அந்த ரூம்ல இருக்கட்டும்."

பன்னுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த கை நின்றது.

"நிஜமாவா கிரஹாம்?"

"நிஜமா."

"எவ்வளவு நாளைக்கு?"

"எவ்வளவு நாளா? ஆயுசுக்கும்!"

அவள் கண் கலங்கியது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் வீரன் இரக்கப்படலாமா?

"ஏப்ரல் ஃபூல்!"

லிண்ட்சி நிதானமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். என் கைப்பேசியை எடுத்து என் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

பன்னிரண்டு நாற்பத்திரண்டு.

நான் சுவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"அ... அந்தச் சுவர்க் கடிகாரம்?"

"நீ முன்னால தள்ளினே. நான் பின்னால தள்ளினேன்."

"அடுப்பு?"

"அடுப்புக் கடிகாரத்தை மாத்த இந்தத் தெருவுல எவனுக்குய்யா தெரியும்? அக்டோபர் வரைக்கும் அது குளிர்காலத்துலயேதான் நிக்கும். போன வருஷமும் அப்படித்தானே நின்னுது?"

"என் திட்டம் உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ தூக்கத்துலயே சொல்லிட்டே. கடைசில கத்தினே பாரு, நான் கட்டில்லேர்ந்தே விழுந்திருப்பேன்."

"இது மோசடி!"

"முட்டாள்கிட்ட மோசடி பண்ண முடியுமா, கண்ணு? வாக்குன்னா வாக்குதான்."

"சரி. யோசிச்சு, நிதானமா, கோடைக்கு அப்புறம் உங்க அம்மாவைக் கூப்பிடலாமே..."

அப்போது மாடியில் ரயில் கூவியது.

என்னைத் தவிர யாரும் தொடக்கூடாத ரயில்!

"மேல... யாரு?"

"அம்மா. நீ ஷெட்டுக்குள்ள பேசிக்கிட்டிருந்தப்போ பக்கத்து வீட்டு டெஸ்மண்ட் கார்ல கூட்டிட்டு வந்தாரு. பெட்டிகூடப் பிரிச்சாச்சு."

தடதடவென்று தண்டவாளம் அதிர்ந்தது. பிறகு படிக்கட்டு உச்சியிலிருந்து மாமியாரின் குரல் உற்சாகமாக வந்தது.

"மாப்பிள்ளை! உங்க ஸ்டேஷன் மாஸ்டரை வேலையை விட்டுத் தூக்கிட்டேன்!"