மேற்பார்வைக்கு ஒரு மனிதர்

"உங்கட இயந்திரத்தை மேற்பார்வை பார்க்கிற மனிசர் ஆர்?" என்று ஜெனுசன் எழுதிக் கேட்டபோது, அந்த இயந்திரம் ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் அடுக்குமாடி ஒன்றின் நிலவறையில், பழைய பனிச்சப்பாத்துகளுக்கு நடுவே இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தது.

இயந்திரத்தின் பெயர் யோகராசா. வயது ஐம்பத்தெட்டு.

முன்பு சொந்தப் பெயரில் கலியாணப் பொருத்தம் பார்த்தார். ஒருவரும் வரவில்லை. ஓர் ஆளிடம் நட்சத்திரத்தைச் சொன்னால் ஒஸ்லோ முழுக்கச் சொன்ன மாதிரி என்று சனம் பயந்தது. 'செயற்கை நுண்ணறிவுப் பொருத்தம்' என்று இணையத்தில் போட்டதுதான் தாமதம், வந்து குவிந்தார்கள். இயந்திரம் ஊர்வம்பு பேசாதல்லவா? யோகராசா பஞ்சாங்கத்தைப் புரட்டி, இரண்டு விரலால் தட்டிப் பதில் போட்டார். மனைவி பூமணியிடமே, ஸ்தவாங்கரில் இருக்கும் மருமகன் செய்துகொடுத்த இயந்திரம் என்றுதான் புளுகியிருந்தார்.

ஜெனுசன் சட்டம் படிப்பவன், பெண் தேடுபவன். செயற்கை நுண்ணறிவை மனிதர் ஒருவர் மேற்பார்க்க வேண்டும் என்ற ஐரோப்பாவின் புதுச் சட்டம் நோர்வேக்கும் வருகிறதாம், மறைத்தால் முறைப்பாடு செய்வானாம். குட்டு வெளிப்பட்டால் கோயில் பக்கம் தலைகாட்ட முடியாது.

'மனிதர் ஒருவர் மேற்பார்வை செய்கிறார்' என்று யோகராசா இணையத்தளத்திலேயே எழுதினார். எல்லிங்ஸ்ருட்டில் மகளுக்கு மாப்பிள்ளை தேடும் சிறிதேவி உடனே தொலைபேசியில் வந்தார்.

"அந்த மனிசர் எந்த ஊர்? ஆரின்ர ஆள்? என்ர மகளின்ர செவ்வாய் தோசம் அவருக்கும் தெரியுமோ?"

அந்த நிமிடமே நோரா என்ற நோர்வேக்காரியை யோகராசா படைத்தார். சிறிதேவி அடங்கினார். ஜெனுசன் அடங்கவில்லை. மேற்பார்ப்பவருக்கு விசயம் விளங்க வேண்டுமாம், நோராவுக்கு ராகு கேது தெரியுமா என்று கேட்டான். யாழ்ப்பாணத்தில் மூன்று வருடம் சோதிடம் படித்தவள் என்று எழுதித் தொலைத்தார். மறுநாள், ஆண்டுவிழாவுக்கு நோராவைப் பிரதம விருந்தினராக அழைத்துத் தமிழ்ப் பாடசாலையிலிருந்து கடிதம் வந்தது.

இனித் தாங்காது என்று கரோலினா என்ற வழக்கறிஞரிடம் ஓடி, உள்ளதையெல்லாம் கொட்டினார். அவர் கண்ணில் நீர்வரச் சிரித்தார்.

"இயந்திரமே இல்லையென்றால் இந்தச் சட்டம் உங்களைத் தொடாது. பொய் விளம்பரத்தை எடுத்துவிட்டு, எல்லாம் நானேதான் என்று போடுங்கள்."

யோகராசா ரயிலில் இருந்தபடியே அப்படிப் போட்டார். கோயிலை நினைக்கக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் சட்டத்தின் பிடியிலிருந்து தப்பிய நிம்மதியில் வீட்டுப் படிகளை இரண்டிரண்டாக ஏறினார்.

பூமணி கைபேசியும் கையுமாக வாசலில் நின்றார்.

"அப்ப இவ்வளவு நாளும் பதில் எழுதினது நீங்களோ?"

"ஓம். ஒவ்வொண்டும் நான்தான்," என்றார் யோகராசா, கொஞ்சம் பெருமையாகவே.

"போன மாசம் பேரை மாத்தி, எங்கட ரெண்டு பேற்ற நட்சத்திரத்தையும் போட்டுக் கேட்டனான். 'இந்த ஆளைக் கட்டினால் பொம்பிளை பாவம், உடனை விலகச் சொல்லுங்கோ' எண்டு எழுதினதும் நீங்கள்தானே?"